"அக்காவுக்கு எத்தனை ஏ?": ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் போட்டி வளரும் விதம்

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி இறுதிப் பொதுத்தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் சுங்கை சிப்புட், பாகாவ், பெஸ்தாரி ஜெயா, கூலிம் போன்ற தோட்டப்புற நகரங்களில் பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கேட்கும் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான். பதில் வந்ததும் அடுத்தது வரும்: "அக்காவுக்கு எத்தனை ஏ?" முதல் கேள்வி தேர்வோடு முடிந்துவிடும். இரண்டாவது கேள்வி உடன்பிறந்தவளையே பிள்ளைக்கு அளவுகோலாக ஆக்கிவிடுகிறது.

இந்தக் கேள்வியின் எடை அண்மைய ஆண்டுகளில் கூடியிருக்கிறது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு 2021-இல் நிறுத்தியது, இடைநிலைப்பள்ளியின் நடுவில் எழுதிய பி.டி.3 தேர்வை 2022-இல் நிறுத்தியது. முன்பு 12, 15, 17 வயதுகளில் பிரிந்து வந்த பொதுத்தேர்வு அழுத்தம் அதன் பிறகு எஸ்.பி.எம். என்ற ஒரே இடத்தில் வந்து விழுந்தது. பிள்ளைகளை வரிசைப்படுத்தக் கூடாது என்பதுதான் மாற்றத்தின் நோக்கம். வரிசைப்படுத்தும் பழக்கம் மட்டும் வீட்டிலும் உறவிலும் அப்படியே இருக்கிறது. "நாங்கள் ஒப்பிடுவதே இல்லை, பிறகு ஏன் இரண்டும் இப்படி அடித்துக்கொள்கின்றன?" என்று பெற்றோர் குழம்புவது இதனால்தான்.

சண்டை வேறு, போட்டி வேறு

சார்ஜர் யாருக்கு, மோட்டாரில் அப்பாவுக்குப் பின்னால் யார் உட்காருவது, கடைசி வடை யாருக்கு என்பதெல்லாம் பொருளுக்கான சண்டை. பொருள் தீர்ந்தால் சண்டையும் தீரும். பத்து நிமிடத்தில் இருவரும் ஒரே கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதைக் கண்டு பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை. பேரம் பேசவும், விட்டுக்கொடுக்கவும், மறுக்கவும் பிள்ளை முதலில் பழகுவது இங்கேதான்.

போட்டி, பெற்றோர் மனத்தில் யாருக்கு எந்த இடம் என்பதைப் பற்றியது. அது இருக்கிறதா என்று பிள்ளையின் பேச்சைக் கவனித்தே கண்டுபிடிக்கலாம். "நான் பாத்திரம் கழுவிட்டேன்" என்று நிறுத்தாமல் "தம்பி கழுவல" என்றும் சேர்ப்பது ஓர் அறிகுறி. மற்றவர் திட்டு வாங்கும்போது முகத்தில் நிம்மதி தெரிவது இன்னொன்று. யாருக்கு எத்தனை சட்டை, யாருக்கு எத்தனை ரிங்கிட் என்று கணக்கு வைப்பது மூன்றாவது. சின்னக் காரணத்துக்குப் பெரிய கோபம் வந்தால், கோபம் அந்தக் காரணத்தின் மீது இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இது மிகச் சிறு வயதிலேயே தொடங்குகிறது. பிரிட்டனில் ஜூடி டன் என்ற உளவியலாளர் 1980-களில் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கவனித்தார். இரண்டு வயதுக் குழந்தையே, அம்மா இன்னொரு பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்று கூர்ந்து பார்க்கிறது என்பதை அவர் ஆய்வுகள் காட்டின. புதுக் குழந்தை வந்ததும் மூத்தது மறுபடி பால் போத்தல் கேட்பதும், படுக்கையை நனைப்பதும் இதனால்தான். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். அதற்காக அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது.

பிறந்த வரிசையா காரணம்?

"மூத்தது பொறுப்பு, நடுவுள்ளது பிடிவாதம், கடைக்குட்டி செல்லம்." நம் வீடுகளில் சொல்லும் இந்தக் கணிப்புக்கு ஓர் அறிஞர் துணையும் உண்டு. வியன்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937), ஏழு பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர். இரண்டாவது குழந்தை வந்ததும் முதல் குழந்தை தன் அரியணையை இழக்கிறது என்றும், அந்த இழப்பு அதன் சுபாவத்தையே வடிவமைக்கிறது என்றும் அவர் எழுதினார்.

பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் இந்தக் கருத்து நிற்கவில்லை. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டோரின் தரவை ஆராய்ந்தபோது, பிறந்த வரிசைக்கும் சுபாவத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. அறிவுத்திறன் தேர்வில் மட்டும் பிறந்த வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் சராசரியாக ஒன்றரைப் புள்ளி குறைந்தது. தனிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி எதையும் சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய வேறுபாடு அது.

அந்தச் சிறிய வேறுபாட்டுக்கும் காரணம் உடம்பில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்பதற்கு நார்வேயிலிருந்து சான்று உண்டு. இராணுவச் சேர்க்கையில் சோதிக்கப்பட்ட சுமார் 240,000 இளைஞர்களின் மதிப்பெண்களை 2007-இல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மூத்த பிள்ளை சிறு வயதிலேயே இறந்துபோய், இரண்டாவது பிள்ளை மூத்ததாக வளர்ந்த குடும்பங்களில், அந்தப் பிள்ளையின் மதிப்பெண் மூத்த பிள்ளைகளின் சராசரியோடு ஒத்துப்போனது. குடும்பம் கொடுத்த இடம்தான் அந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது.

நம் தோட்டக் குடும்பங்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. விடியுமுன் அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) போய்விட, கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) இருக்க, மற்றப் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது மூத்த பெண். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகள் காலியாகி, குடும்பம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்த பிறகும் அந்த வேலை மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டது. இன்று பெரட்டுக்குப் பதில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதால் மூத்த பெண் கெட்டுப்போவதில்லை. ஆனால் அந்தப் பொறுப்புக்கு எல்லை வேண்டும். சோறு போட்டுக் கொடுப்பதும் பள்ளிப் பையைச் சரிபார்ப்பதும் உதவி. தம்பி ஆசிரியரிடம் அடி வாங்கினால் "நீ என்ன பார்த்துக்கிட்டிருந்தே?" என்று அவளைக் கேட்பது, 14 வயதுப் பிள்ளையைத் தாயாக்குவது. அப்படி வளர்ந்த பெண்ணுக்குத் தம்பியின் மீது வரும் எரிச்சலைப் பொறாமை என்று திட்டுவது பெரிய அநியாயம்.

எதிர்த்திசையில் வளர்வது

உடன்பிறந்தோருக்குப் பொதுவான மரபணு சராசரியாகப் பாதி. வீடு, சாப்பாடு, மொழி, பெற்றோர் எல்லாம் ஒன்று. இருந்தும் ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு என்று வளர்கிறார்கள். ஃபிரான்சஸ் ஷாக்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976-இல் இதை ஆராய்ந்தார். முதல் இரண்டு பிள்ளைகள், குறிப்பாக இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோ இருந்தால், "நாங்கள் முற்றிலும் வேறானவர்கள்" என்று சொல்வது அதிகம் என்று அவர் கண்டார். மோதலைத் தவிர்க்கவே அவர்கள் துறைகளைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய விளக்கம். அக்கா படிப்பை எடுத்துக்கொண்டால் தங்கை விளையாட்டை எடுத்துக்கொள்வாள்.

ஏப்ரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980-களில் முன்வைத்த கருத்து இதன் உட்பக்கத்தைக் காட்டுகிறது. நமக்கு நெருக்கமானவர், நமக்கு முக்கியமில்லாத துறையில் வென்றால் நமக்குப் பெருமை. நமக்கு முக்கியமான துறையில் வென்றால் வலி. அக்காவின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஊரையே அழைக்கும் தம்பி, அவள் கணிதத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டதும் முகம் சுருங்குவது இதனால்தான். அவனுடைய பாசத்தில் குறையில்லை. கணிதம் அவனுடைய களமாக இருக்கிறது, அவ்வளவே.

இனி தோட்டப்புற நகரத்தின் தனிச் சிக்கலுக்கு வருவோம். பங்கு பிரித்துக்கொள்ளும் அளவுக்கு இங்கே களங்கள் இல்லை. ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் இடைநிலைப்பள்ளி, ஒரு திடல், ஒரு கோயில், இரண்டு மூன்று டியூஷன் மையங்கள். பேச்சுப் போட்டி, தேவாரம், கால்பந்து, சிலம்பம் என்று எண்ணினால் ஒரு கையில் அடங்கிவிடும். கோலாலம்பூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் நீச்சல் பயிற்சியோ ரோபோட்டிக்ஸ் வகுப்போ இங்கே நடைமுறையில் இல்லை. மூத்தவர் இரண்டு களங்களைப் பிடித்துவிட்டால் இளையவருக்கு மீதி என்ன? பல வீடுகளில் இளையவர் எடுத்துக்கொள்ளும் மீதி, "அடங்காதவன்" என்ற பெயர். அதுவும் ஓர் இடம்தான். அங்கே அவனோடு போட்டியிட யாரும் இல்லை. இரண்டாவது பிள்ளை "இப்படி ஆகிவிட்டான்" என்று வருந்தும் பெற்றோர், அவன் எடுத்துக்கொள்ள வேறு என்ன மிச்சம் இருந்தது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெயரும் ஒரு சுமை. ஒரே தமிழ்ப்பள்ளியில் அதே ஆசிரியர்களிடம் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். முதல் நாளே "நீ இன்னாருடைய தங்கச்சியா? உங்க அக்கா எவ்வளவு நல்லாப் படிப்பா தெரியுமா!" என்பார்கள். ஆசிரியர் அன்பாகத்தான் சொல்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது, வாசலிலேயே ஒட்டிவிட்ட விலைச்சீட்டு. பெற்றோர் இதைத் தடுக்க முடியும். பள்ளி தொடங்கும் வாரத்தில் வகுப்பாசிரியரைப் பார்த்து, "அக்காவைப் பற்றிப் பேச வேண்டாம் டீச்சர், இவளுக்குப் படம் வரைவது பிடிக்கும்" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் அதை மதிப்பார்கள்.

புகுமுக வகுப்பு: ஓராண்டு ஏற்படுத்தும் காயம்

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, மலாய்மொழியில் குறைந்தபட்ச நிலையை அடையவில்லையென்றால், இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-க்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். அவர் எஸ்.பி.எம். எழுதுவது 17-க்குப் பதில் 18 வயதில். இது மொழிக்கான கூடுதல் காலம். கணிதத்திலோ அறிவியலிலோ பிள்ளை பின்தங்கிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை.

உடன்பிறந்தோருக்குள் இது எப்படிப் புகுகிறது என்பதைப் பலர் முன்கூட்டி யோசிப்பதில்லை. நம் நாட்டில் பள்ளிச் சேர்க்கை பிறந்த ஆண்டை வைத்து நடக்கிறது. அண்ணன் 2012 ஜனவரியிலும் தம்பி 2013 டிசம்பரிலும் பிறந்தால் வயது வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. வகுப்பு வித்தியாசமோ ஒன்றுதான். அண்ணன் புகுமுக வகுப்புக்குப் போய், தம்பி நேராகப் படிவம் 1-க்கு வந்தால் இருவரும் ஒரே படிவத்தில் நிற்பார்கள். ஐந்து ஆண்டுகள் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே முடிவு நாள். அண்ணன் என்ற இடம் வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இல்லை. அண்ணன் தம்பியை அடிக்கத் தொடங்குவதும், பள்ளிக்குப் போக மறுப்பதும், கூட்டாளிகளிடம் "அவன் என் தம்பி இல்லை" என்பதும் இந்தச் சூழலில் நடக்கின்றன.

முன்கூட்டிச் செய்யக்கூடியவை இவை:

1. மூத்தவர் ஆண்டு 5-இல் இருக்கும்போதே மலாய்மொழி நிலையைப் பாருங்கள். வாசிப்பைவிட எழுதுவதில்தான் பெரும்பாலும் சறுக்கல் வரும். தினமும் 20 நிமிடம், ஐந்து வாக்கியம் எழுதுவது, ஆண்டு 6-இன் கடைசி மாதத்தில் சேர்க்கும் டியூஷனைவிடப் பயன் தரும்.

2. புகுமுக வகுப்பு உறுதியானால் அதைத் தம்பிக்கு முன்னால் வைத்துப் பேசாதீர்கள். உறவினரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அண்ணனோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்: "மலாய் வலுப்படுத்த ஓராண்டு படிக்கிறான்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

3. இருவரும் ஒரே படிவத்துக்கு வரப்போகிறார்கள் என்றால், பள்ளி தொடங்குமுன் அலுவலகத்துக்கோ ஆலோசக ஆசிரியருக்கோ கடிதம் கொடுத்து, வெவ்வேறு வகுப்பில் போடக் கேளுங்கள். வகுப்புப் பட்டியல் முடிவான பிறகு மாற்றுவது கடினம்.

4. புறப்பாட நடவடிக்கையில் இருவரும் வெவ்வேறு சீருடை இயக்கத்தில் சேரட்டும். ஒருவர் சாரணர் என்றால் மற்றவர் செம்பிறைச் சங்கம். வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் இருக்க வேண்டும்.

5. தேர்வு முடிவுகளை இருவரிடமும் தனித்தனியே, வெவ்வேறு நாளில் பேசுங்கள்.

வீட்டுக்கு வரும் அறிக்கையை எப்படிப் படிப்பது

வகுப்பாசிரியர்களே ஆண்டு முழுவதும் செய்யும் வகுப்புசார் மதிப்பீட்டில் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை கிடைக்கும். 3 என்றால் குறைந்தபட்சத் தரத்தை எட்டியாகிவிட்டது. ஆண்டு 3-இல் இருக்கும் தம்பிக்கு வரும் நிலை, ஆண்டு 3 பாடத்திட்டத்தை வைத்துக் கொடுத்தது. ஆண்டு 6-இல் இருக்கும் அக்காவின் 5-ஐயும் தம்பியின் 3-ஐயும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பொருளும் வராது. இருவரும் வெவ்வேறு பாடம் படித்திருக்கிறார்கள். ஒப்பிட வேண்டுமானால் அதே பிள்ளையின் சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிடுங்கள்.

"அக்கா கெட்டிக்காரி" என்று பெற்றோர் மனத்துக்குள் வைத்திருப்பதே வேலை செய்கிறது என்பதுதான் கவலை தரும் செய்தி. அலெக்ஸ் ஜென்சனும் சூசன் மக்ஹேலும் 2015-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, பதின்ம வயது உடன்பிறப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இருவரில் யார் அதிகத் திறமைசாலி என்று பெற்றோர் நம்பினார்களோ, பின்னாளில் மதிப்பெண் இடைவெளி அந்தத் திசையிலேயே விரிந்தது. வாயால் ஒப்பிடாத பெற்றோரும் தப்ப முடியாது. யாருடைய புத்தகத்தை முதலில் புரட்டுகிறோம், யாரிடம் "முயற்சி செய்" என்றும் யாரிடம் "பரவாயில்லை விடு" என்றும் சொல்கிறோம் என்பதைப் பிள்ளை படித்துவிடுகிறது.

ஒரு பிள்ளை எழுத்துகளைத் தொடர்ந்து மாற்றி எழுதினால், ஆண்டு 2 முடிந்தும் சரளமாக வாசிக்க முடியாவிட்டால், "அண்ணன் மாதிரி முயற்சி போதவில்லை" என்ற முடிவுக்கு வராதீர்கள். பள்ளி வழியாகவோ அரசாங்க கிளினிக் வழியாகவோ டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) சோதனைக்குக் கேளுங்கள்.

சமம் என்பதும் நியாயம் என்பதும்

போட்டியைத் தணிக்கப் பெற்றோர் முதலில் கையாளும் வழி, எல்லாவற்றையும் சமமாகக் கொடுப்பது. தீபாவளிக்கு ஒரே விலைச் சட்டை, ஒரே நாளில் இருவருக்கும் கைப்பேசி. இது கணக்குப் பார்ப்பதை நிறுத்தாது, கணக்கைத்தான் துல்லியமாக்கும். அமண்டா கோவல், லாரி கிரேமர் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய மூத்த உடன்பிறப்புகளையும் கேட்டார்கள். பெற்றோர் வேறுபடுத்தி நடத்திய சம்பவங்களில் ஏறத்தாழ முக்கால்வாசியைப் பிள்ளைகள் அநியாயமாகக் கருதவில்லை. வயது, தேவை போன்ற காரணம் புரிந்தால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். காரணம் தெரியாத வேறுபாடுதான் காயப்படுத்துகிறது.

ஆகவே விதியை ஆளின் மீது வைக்காமல் வயதின் மீது வையுங்கள். "அண்ணனுக்குக் கொடுத்தோம்" என்று சொல்வதைவிட, "இந்த வீட்டில் 13 வயதில் கைப்பேசி" என்று சொல்லுங்கள். மோட்டார் உரிமம் சட்டப்படி 16 வயதில், கார் உரிமம் 17-இல். அதற்கு முன் யாருக்கும் சாவி இல்லை. இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதையும் வயதுவாரியாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடலாம். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று இருக்கும் வீடுகளில் இந்தத் தாள் பல சங்கடமான கேள்விகளை எழுப்பும். எழட்டும். தங்கை பாத்திரம் கழுவ, அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகும் வீட்டில் போட்டி இருக்கிறது என்று ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இடமும் நியாயத்தின் ஒரு பகுதி. மலிவுவிலை அடுக்குமாடி வீடு சுமார் 650 சதுர அடி, மூன்று அறை. தனி அறை கனவுதான். ஆனால் பூட்டோடு ஓர் அலமாரித் தட்டு, "இதை யாரும் தொடக்கூடாது" என்ற ஒரு பெட்டி, படுக்கைக்கு நடுவே ஒரு திரை ஆகியவை முடியும். தனக்கென்று ஒன்று உறுதியாக இருக்கும் பிள்ளைதான் மற்றதைப் பகிரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோரிடம் தினமும் ஒரு மணி நேரம் கேட்பது கொடுமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒருமுறை 15 அல்லது 20 நிமிடம், மற்றப் பிள்ளை இல்லாமல் கொடுத்தால் மாற்றம் தெரியும். மோட்டாரில் காஸ் தோம்பு வாங்கப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிப்போகலாம். பேச்சில் மற்றப் பிள்ளையின் பெயர் வரக்கூடாது.

சண்டை முற்றும்போது

குரல் உயர்ந்தால் தூரத்திலிருந்து கவனியுங்கள். பாதிக்கு மேல் தானே அடங்கும். கை நீண்டால் உடனே தலையிட வேண்டும். முதலில் இருவரையும் வெவ்வேறு இடத்துக்கு அனுப்புங்கள். யார் தொடங்கியது என்று அப்போது கேட்காதீர்கள். உண்மை வராது, வழக்குத்தான் வளரும். இருபது நிமிடம் கழித்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல், என்ன நடந்தது என்று இருவரும் சொல்லட்டும். பிறகு "இப்போது என்ன செய்யலாம்?" என்று அவர்களையே கேளுங்கள். உடைந்தது இருந்தால் உடைத்தவர் சரிசெய்ய வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கும் "சோரி" எதையும் சரிசெய்வதில்லை.

நம் வீடுகளில் மிகச் சேதம் செய்யும் வாக்கியம் ஒன்று உண்டு: "நீதானே பெரியவன், விட்டுக்கொடு." ஒருமுறை சொன்னால் பாடம். ஒவ்வொரு முறையும் சொன்னால் இரண்டு தவறு நடக்கிறது. நியாயம் தன் பக்கம் இருந்தாலும் தோற்க வேண்டும் என்று மூத்தவர் கற்கிறார். அழுதால் வெல்லலாம் என்று இளையவர் கற்கிறார்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அதைப் போட்டி என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்:

1. அடி எப்போதும் ஒரே ஆளிடமிருந்து வருகிறது. மற்றவர் ஒருபோதும் திருப்பி அடிப்பதில்லை.
2. காயம், தழும்பு, ஆயுதம், கழுத்தை நெரிப்பது.
3. ஒருவர் வீட்டில் தனியாக இருக்கப் பயப்படுகிறார், அல்லது தூக்கம், சாப்பாடு குறைந்துவிட்டது.
4. பாலியல் தொடுகை எந்த வடிவிலும்.

அமெரிக்காவில் 3,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, உடன்பிறந்தவரால் தாக்கப்படும் பிள்ளைகளிடம் மனநலப் பாதிப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. "அண்ணன் தம்பிக்குள் சகஜம்" என்று ஒதுக்கக் கூடாது. மலேசியாவின் 2001 சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பளிக்கிறது. அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயை 15999 எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார். மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளியில் முழுநேர ஆலோசகர் இல்லாவிட்டால் தலைமையாசிரியரிடமே பேசுங்கள்.

பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு

உளவியலாளர் எரிக் எரிக்சன் (1902–1994), பதின்ம வயதின் முதன்மை வேலை "நான் யார்" என்று கண்டறிவது என்றார். அதை விரித்து ஜேம்ஸ் மார்சியா 1966-இல் நான்கு நிலைகளைப் பிரித்தார்: தேடலும் முடிவும் இல்லாதவர், தேடாமலே முடிவெடுத்தவர், தேடிக்கொண்டிருப்பவர், தேடி முடிவெடுத்தவர். அப்பா சொன்னதால் மருத்துவம் என்பவர் இரண்டாம் நிலையில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணன் கணக்கியல் எடுத்ததால் "எனக்குக் கணக்கியல் வேண்டவே வேண்டாம்" என்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பார்வைக்கு அது சுதந்திரம் போலத் தெரியும். முடிவை எடுத்தவர் இன்னமும் அண்ணன்தான்.

படிவம் 3 முடிவில் படிவம் 4-க்கான பாடத் தொகுப்பைத் தேர்வு செய்யும்போது இது கண்முன் வரும். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை 2020 முதல் இல்லை. பள்ளி தரும் தொகுப்புகளிலிருந்து தேர்வு செய்யலாம். பிள்ளை பாரத்தை நிரப்புமுன் மூன்று கேள்விக்குத் தாளில் பதில் எழுதட்டும். அண்ணன் வேறு ஊரில், யாருக்கும் தெரியாமல் வளர்ந்திருந்தால் இதை எடுப்பேனா? யாரும் மதிப்பெண் போடாவிட்டாலும் இதைச் செய்வேனா? இதைச் செய்கிற ஒருவரோடு அரை நாள் இருந்து பார்த்திருக்கிறேனா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால் பள்ளி விடுமுறையில் அதை நடத்திக்கொடுப்பது பெற்றோரின் வேலை. ஊரிலேயே பட்டறை, கிளினிக், மருந்தகம், கணக்காளர் அலுவலகம், செம்பனை ஆலை எல்லாம் இருக்கின்றன.

எஸ்.பி.எம்.-க்குப் பின் பாதைகள் பல. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிவம் 6, மெட்ரிகுலேஷன் வகுப்புகள், பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி என்று கல்விப் பாதை ஒரு பக்கம். மலேசியத் திறன் சான்றிதழ் இன்னொரு பக்கம்: நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர்டிப்ளோமா. அக்கா மெட்ரிகுலேஷனிலும் தம்பி குளிர்சாதனத் தொழில்நுட்பத்தில் நிலை 3-லும் இருந்தால், அவர்களை ஏ எண்ணிக்கையால் அளக்க முடியாது. இருவருக்கும் வெவ்வேறு ஏணி இருக்கிறது என்று உறவினரிடம் பெற்றோர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் தம்பி காதில் விழும்படி.

யோசித்த பிறகும் பிள்ளை அண்ணன் போன பாதையையே எடுத்தால் தடுக்க வேண்டாம். ஒரே துறையில் இருவர் இருக்கலாம். ஆனால் அண்ணனையே டியூஷன் ஆசிரியராக்குவதைத் தவிருங்கள். பணம் மிச்சமாகும் என்று பல வீடுகளில் செய்கிறார்கள், அது சில வாரங்களில் கண்ணீரில் முடியும். வேறு வழியே இல்லையென்றால் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் போதும். கேள்விகளைத் தம்பி கொண்டுவரட்டும், அண்ணன் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். தேர்வுத்தாளும் மதிப்பெண்ணும் அண்ணன் கைக்குப் போகக்கூடாது. அவற்றை அம்மாவோ அப்பாவோ பார்த்தால் போதும்.